திருப்பிப் போட்ட ஜமக்காளம்

1964ஆம் ஆண்டு ஜூன் பதினைந்தாம் தேதி, பம்பாயில் மழை பிடித்துக்கொண்ட மறுநாள், நடிகை ஹிரண்மயி தேவி ஊரை விட்டுப் போனார். வி.டி. ஸ்டேஷனில் கல்கத்தா மெயில் நின்றிருந்தது. ஒரு காலத்தில் அவர் ரயிலேற வந்தால் போலீஸ்காரர்கள் கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தள்ளுவார்களாம். அன்றைக்கு வழியனுப்ப வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாட்டுங்காவில் குடியிருந்த மேக்கப்காரர் பிரம்மநாயகம். இன்னொருத்தி தாராவியிலிருந்து நனைந்துகொண்டே வந்த லூர்தம்மாள்.

லூர்தம்மாள் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். பெரிய வெள்ளிக்கிழமையன்று படப்பிடிப்பில் அந்த அம்மாள் விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டதும், அதனால் அவருக்குக் கண் தெரியாத சங்கதி வெளியே வந்து தொழிலே முடிந்துபோனதும் தான் போட்ட தையலால்தான் என்று அவள் நம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோதெல்லாம் கட்டிலைச் சுற்றி யாராவது இருந்தார்கள். இன்றைக்கு விட்டால் இனிக் கிடையாது.

ஹிரண்மயி ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. கூட்டிப்போக வந்த தங்கை பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"யாரு, லூர்துவா?"

"ஆமா தீதீ."

"குடை எடுத்துட்டு வரலையா? ஈரப் புடவை சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

அவர்கள் பேசிக்கொள்வது இந்தியில்; தீதீ என்றால் அக்கா. அவருடைய இந்தியில் வங்காளம் வழிந்தது. இவளுடையது தாராவிக் குழாயடியில் படித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாகவே புரிந்துகொண்டன.

"தீதீ, ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிடறேன், வண்டி கிளம்பிடும். செம்பூர்ல ஒரு புதுப் பொண்ணு வந்திருக்காளே, அவளுக்கு உன்னை நிக்கவைக்கச் சொல்லிக் காமிராமேன்கிட்ட பேசியாச்சு. வியாழக்கிழமை போ. லைட்காரங்க வர்றப்ப நீ அங்க இருக்கணும்."

"தீதீ, அந்த வெள்ளிக்கிழமை..."

"அந்தப் பொண்ணு உன்னை விடக் கொஞ்சம் குள்ளம். அதுக்காக முதுகை வளைச்சு நிக்காதே. செருப்பைக் கழட்டிட்டு நில்லு, சரியாப் போயிடும்."

கார்டு விசில் ஊதினான். ஹிரண்மயி நல்ல கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தடவிப் பார்த்து லூர்தம்மாளின் ஈரத்தலையைக் கண்டுபிடித்தார். கொஞ்ச தூரம் அந்தக் கையோடு நடந்தாள். பிறகு வண்டி வேகமெடுத்தது.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது பிரம்மநாயகம் கேட்டார். "கேட்டுட்டியா தாயி?"

"எங்கன கேக்க அண்ணாச்சி? எனக்கு வேலை சொல்லிட்டுல்லா இருந்தாவ."

"அவ்வோ அப்படித்தான். பாடையில படுத்துக் கெடந்தாலும் ஷிப்டு எத்தன மணிக்குன்னுதான் கேப்பாவ."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

லூர்தம்மாள் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தவள். கல்யாணமான கையோடு தாராவிக்கு வந்தாள். புருஷன் ஞானசீலனுக்குத் தோல் ஷெட்டில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதித்து மிதித்து அவன் கால் வெளுத்துப்போயிருந்தது. பிறகு நெஞ்சும் போயிற்று. அவனைப் புதைத்துவிட்டு வந்தபோது அவளுக்கு முப்பது வயது முடியவில்லை, பிள்ளையும் இல்லை. ஊருக்கு வந்துவிடு என்று அண்ணன் ஆள் அனுப்பினான். அண்ணன் வீட்டு அடுப்படியில் காலம் தள்ளுவதற்கு இந்தச் சந்தே மேல் என்று இருந்துவிட்டாள்.

அடுத்த வீட்டு மெஹராஜ் மேலப்பாளையத்துக்காரி, லூர்தம்மாள் அவளை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுவாள். அவள் வீட்டுக்காரர் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். ஒருநாள் செம்பூர் ஸ்டூடியோவுக்குக் கூட்டம் சேர்க்கிறவன் சந்துக்குள் வந்தான். சந்தைக் காட்சியாம், கூடை தூக்கிக்கொண்டு நடக்கப் பெண்கள் வேண்டுமாம். மெஹராஜ்தான் லூர்தம்மாளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். அன்றைக்குக் கூடை தூக்கிப் போனவளைக் காமிராமேன் ஒருவர் கூப்பிட்டு, ஓரிடத்தில் நிற்க வைத்து, அளவு பார்த்து, மறுநாளும் வரச் சொன்னார்.

அதிலிருந்து அவள் வேலை நிற்பது. பெரிய நடிகைகள் வந்து நிற்பதற்கு முன் விளக்குகளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதற்கு மணிக்கணக்காகும். அதுவரை அதே உயரத்தில், ஏறக்குறைய அதே நிறத்தில் ஒருத்தி சாக்பீஸ் கோட்டின்மேல் நின்றுகொண்டிருக்க வேண்டும். எல்லாம் சரியானதும் நடிகை வருவார், இவள் விலகிவிடுவாள். படத்தில் இவளுடைய விரல் நுனிகூட வராது.

"ஏட்டி, நிக்கதுக்கு ஒரு சம்பளமா?" என்பாள் மெஹராஜ். "நானுந்தான் ரேஷன் கடையில நாள் பூரா நிக்கேன். எந்தப் பாவி எனக்குக் குடுக்கான்?"

"நீயும் வாயேன் லாத்தா."

"வருவேன். என்னைய நிக்க வச்சா லைட்டுக்குப் பதிலா நான் பேசிட்டு இருப்பேனே, அதுக்கு எவன் பதில் சொல்ல?"

அந்தக் காலத்து விளக்குகள் கரி எரிகிற விளக்குகள். ஒரு நாள் முழுக்க அவற்றுக்கு முன் நின்றால் இரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல அறுக்கும். உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கிக் கண்மேல் வைத்துப் படுப்பார்கள். லூர்தம்மாளும் வைத்துக்கொண்டாள். காலையில் அந்த வில்லைகளைத் தூக்கிப் போடும்போது, கஞ்சிக்குக் கூட்டாக வைத்திருக்கலாமே என்று தோன்றும்.

ஹிரண்மயி தேவியை அவள் முதலில் பார்த்தது 1963 கடைசியில். பத்து வருஷத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு பெரிய வேடம் கிடைத்திருந்தது. நொடித்துப்போன ஜமீன் வீட்டில் இரண்டு மகன்களோடு வாழும் விதவைத் தாய். மூத்த மகனாக நடித்தவர் ஒரு காலத்தில் அவருக்கு ஜோடியாக நடித்த அதே கதாநாயகன். தலையில் டோப்பா முடி, இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெல்ட்டு.

"அவனுக்கு இவ ஆத்தாளா?" என்று மெஹராஜ் வாயில் கைவைத்தாள். "போன தடவ ஊஞ்சல்ல ஒண்ணா ஆடுனாவளே. ஊஞ்சல விட்டு எறங்குனதும் அவனுக்கு எளமையும் இவளுக்கு முதுமையும் வந்துட்டாக்கும்."

முதல் நாள் லூர்தம்மாள் கோட்டின்மேல் நின்றுகொண்டிருந்தபோது அந்த அம்மாள் மேக்கப் முடித்து வந்துவிட்டார். அவர் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றிருந்த காமிராமேன் பதறினார்.

"நீ எனக்காகவா நிக்கிறே?" என்று ஹிரண்மயி லூர்தம்மாளிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"இறங்கு. கொஞ்ச நேரம் உக்காரு."

"தீதீ, நீங்க ரூம்ல இருங்க. ஆனதும் நாங்களே கூப்பிடறோம்" என்றார் காமிராமேன்.

"இந்த மூஞ்சியில எத்தனை மேடு, எத்தனை பள்ளம் இருக்கு, பாரு. அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு வச்ச லைட்டு எனக்கு எதுக்கு ஆகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். லூர்தம்மாள் சாக்பீஸ் கோட்டின்மேலேயே நின்றாள். நிற்க வேண்டாம் என்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றல்லவா அர்த்தம்? புரொடக்ஷன் மேனேஜரும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். ஹிரண்மயி முந்திக்கொண்டார்.

"நடக்கிற ஷாட்டுக்கெல்லாம் அவ நடக்கட்டும். முகத்துக்கு நான் நிக்கறேன். ரெண்டு பேரும் வேலை செய்யலாமே."

அப்படியே நடந்தது. லூர்தம்மாள் தன் வாழ்க்கையில் வேலை செய்கிறவர்களை நிறையப் பார்த்திருந்தாள். எல்லோரும் வயிற்றுக்காகச் செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த அம்மாள் வேறு மாதிரி. புடவை கசங்கிவிடும் என்று உட்கார மாட்டார். மூத்த மகன் மத்தியானம் வரும்வரை, காலையிலிருந்து ஒரு சாய்வுப் பலகையில் முதுகைக் கொடுத்து நின்றபடியே இருப்பார். யாரும் கேட்டால், "அவருக்கு வேலை அதிகம்" என்பார், குரலில் குத்தல் இருக்காது. டீ கொண்டுவருகிறவனைப் பெயர் சொல்லி அழைப்பார். தன் வசனத்தோடு மற்றவர்கள் வசனமும் அவருக்கு மனப்பாடம்.

இளைய மகனாக நடித்த பையன் படத்துக்குப் புதிது. பணக்கார வீட்டுப் பிள்ளை, நல்லவன், நடிப்புத்தான் வரவில்லை. அவன் முகத்தை மட்டும் காமிரா பார்க்கும்போது எதிரிலிருந்து தாயின் வசனத்தை ஓர் உதவியாளன் படித்தால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஹிரண்மயி தானே காமிராவுக்குப் பக்கத்தில் நின்று சொல்வார். சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வழியும்.

"காமிரா உங்களப் பாக்கவே இல்லையே தீதீ. எதுக்கு வீணா அழுதீங்க?" என்று லூர்தம்மாள் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அந்தப் பையன் பாக்கறானே."

கண் சங்கதி அவளுக்குத் தெரிந்தது தை மாதத்தில். ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்து ஹிரண்மயி ஒருநாள் காலையில் நமஸ்தே சொன்னார். அப்போது லூர்தம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதே வாரம் இரண்டு முறை சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப்போய் நின்றார். வயசாகிவிட்டது என்று காமிராமேன் முணுமுணுத்தது லூர்தம்மாள் காதில் விழுந்தது. மேக்கப் அறைக்கு அவள் டீ எடுத்துப் போனபோது, பிரம்மநாயகம் அந்த அம்மாளின் விரலைப் பிடித்துக் கொண்டுபோய்க் கண்ணாடி டம்ளரில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் நின்றுவிட்டாள்.

"யாரோ நிக்கறாங்க" என்றார் ஹிரண்மயி.

"நம்ம லூர்துதான்" என்றார் பிரம்மநாயகம். பிறகு தமிழில், "கதவச் சாத்து தாயி" என்றார்.

ஹிரண்மயி மறைக்கவில்லை. "வலது கண்ணு போன மழைக்கே போயிடுச்சு. இடது பக்கம் புகை மாதிரி இருக்கு. முப்பது வருஷமா அந்த லைட்டைப் பாத்துட்டே நின்னேன், வேற என்ன ஆகும்? இந்தப் படம் முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா நாளைக்கே வேற அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுவாங்க. முடிச்சுக் குடுத்துட்டு நானே போறேன், லூர்து. என்னை அனுப்பக்கூடாது."

லூர்தம்மாள் டீயை அவர் கையில் பிடித்துக் கொடுத்தாள்.

அந்தப் படத்தில் முக்கால்வாசி ஒரே கூடத்தில் நடந்தது. செட்டின் தரை இடுப்பளவு உயரத்தில் கட்டிய பலகை மேடை. ஒரு பக்கம் வாசற்படி. எதிர்ப்பக்கம் தூண்கள். தூண்களுக்கு அப்பால் பலகை முடிந்துவிடும், கீழே பள்ளம், அதற்குப் பின்னால் தோட்டம் வரைந்த திரை. வாசலிலிருந்து தூண்வரை நீளமாக ஒரு ஜமக்காளம் விரித்திருக்கும். தாய் வெறுங்காலோடு வாசலிலிருந்து அதன்மேல் நடந்து வந்து, பாதியில் ஒருமுறை மகன் பக்கம் திரும்பி, தூணருகே நிற்க வேண்டும். கதை முழுக்க அவர் அப்படி நடந்துகொண்டே இருந்தார்.

வெறுங்கால் என்பதிலிருந்துதான் லூர்தம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. முதலில் ஜமக்காளத்துக்கு அடியில் கயிற்றுத் துண்டுகளை வைத்துப் பார்த்தாள். பெருக்குகிறவன் கூட்டித் தள்ளிவிட்டான். அப்புறம் மெஹராஜ் வீட்டுப் பட்டறையிலிருந்து தோல் தைக்கும் ஊசியும் மெழுகு நூலும் வாங்கி வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் செட்டில் உட்கார்ந்து, ஜமக்காளத்தின் அடிப்பக்கம் இரண்டு முடிச்சுகளைத் தைத்துச் சேர்த்தாள். மிளகு அளவு ஒன்று, அங்கே திரும்ப வேண்டும். சுண்டைக்காய் அளவு ஒன்று, அங்கே நிற்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஹிரண்மயி நடந்து பார்த்தார். மிளகில் திரும்பினார். சுண்டைக்காயில் நின்றார். கால் விரலால் அதை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"தையல் விட்டுப் போகாதே?"

"மாட்டுத்தோலே விட்டுப் போகாது தீதீ. இது எம்மாத்திரம்."

அதற்குப் பிறகு அவர் ஒரு ஷாட்டிலும் தவறவில்லை. தீதீக்கு இளமை திரும்புகிறது என்று காமிராமேனே சொன்னார். லூர்தம்மாள் அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப்போனாள். யார் முகத்துக்கோ நின்று நின்று கழிந்த காலத்தில், தன் கையால் செய்த வேலை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

படம் முடிய இன்னும் ஒரு வாரம்தான். பெரிய வியாழனன்று மாலை அவள் கேட்டாள்.

"நாளைக்கு எங்களுக்குப் பெரிய வெள்ளி தீதீ. ஷிப்டு உண்டா?"

"இல்லை. லீவு. எனக்காகவும் முழங்கால் போட்டுட்டு வா."

ஷிப்டு இருந்தது. அடுத்தவளுடைய நோன்பு நாளைத் தனக்காக வாங்கிக்கொள்ள அவருக்கு மனமில்லை. முடிச்சு இருக்கும்போது லூர்து எதற்கு என்றும் நினைத்திருக்கலாம். லூர்தம்மாள் மூன்று மணிக்குச் சயான் கோயிலில் சிலுவைக்கு முத்தம் கொடுக்க வரிசையில் நின்றபோது, செம்பூரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அவளுக்குச் செய்தி சொன்னவன் பூதத்தான். செட்டில் சாமான் தூக்கி வைக்கும் வேலை செய்கிற பையன்களில் ஒருவன், அடுத்த சந்தில் குடியிருந்தான். சனிக்கிழமை காலை தண்ணீர்க் குடத்தோடு அவள் திரும்பியபோது வாசலில் குத்தவைத்திருந்தான்.

"லூர்தக்கா, தீதீ விழுந்துட்டாவ. தூணத் தாண்டி அந்தப் பள்ளத்துல."

"என்னல சொல்லுத? நேத்து லீவுல்லா?"

"யாரு சொன்னா லீவுன்னு? நேத்து எதிர்ப்பக்கத்து ஷாட்டு. காமிராவ வாசப்படிக்குக் கொண்டு வந்துட்டாவ. தீதீ முதுகக் காட்டிட்டு நடந்து போவாவ, அந்தச் சின்னவன் தூணுக்கிட்ட உக்காந்து அழணும். அவனுக்கு எங்க அழுகை வருது? ஒவ்வொரு டேக்குக்கும் மாடு கத்துன மாதிரி கத்துதான். டைரக்டர் வையி வையின்னு வைய்யாரு. தீதீ மட்டும் ஒண்ணும் சொல்லல. திரும்பத் திரும்ப நடந்தாவ. கடைசியில பயலுக்கு என்ன தோணிச்சோ, சத்தமே இல்லாம பொலபொலன்னு கண்ணீரு வந்துட்டு. காமிரா அவன் மூஞ்சிக்கிட்ட போச்சு. எல்லாரும் அவனையே பாத்துட்டு நிக்கோம். டைரக்டர் கட்டு சொன்ன பெறவுதான் தீதீயத் தேடுதோம். ஆளக் காணல."

லூர்தம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "ஜமக்காளம் போட்டிருந்தியளா?"

"போடாம? நாங்கதான் காலையில அதத் திருப்பிப் போட்டோம்."

"எதுக்குல திருப்புனிய?"

"காமிரா இந்தப் பக்கம் வந்துட்டுல்லா? அந்த ஜமக்காளத்துக்குக் கரை ஒரு தலைப்புலதான் கெடக்கு, இன்னொரு தலைப்ப வேற படத்துக்கு வெட்டிட்டானுவ. கரை காமிராவப் பாக்கணும்லா, அதான் தலைமாடு கால்மாடா மாத்துனோம். எப்பவும் செய்யதுதான அக்கா. ஏன் ஒரு மாதிரி நிக்கிய?"

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தரையில் தைக்க முடியாது என்றுதான் ஜமக்காளத்தில் தைத்தாள். ஆணியடித்துப் பலகையில் கயிற்றை வைத்திருந்தால் அது அங்கேயே கிடந்திருக்கும். திருப்பிப் போட்டபோது சுண்டைக்காய் வாசல் பக்கம் வந்திருக்கும், மிளகு தூண் பக்கம் போயிருக்கும். வாசலருகே சுண்டைக்காயைத் தவறவிட்டு மிளகை மிதித்த அந்தக் கால், சுண்டைக்காய் இன்னும் வரவில்லை என்று நம்பி நடந்துகொண்டே போயிருக்கும். செட்டில் ஜமக்காளத்தைத் திருப்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். தையல் விடக்கூடாது என்பதிலேயே இருந்த புத்தி, அதை மறந்துவிட்டது.

விழுந்த இடத்தில் ஜமக்காளம் சுருண்டு முடிச்சு வெளியே தெரிந்ததாம். "யார் தைத்தது?" என்று மேனேஜர் கத்தியதற்கு, பலகைக்கு அடியில் கிடந்தபடியே ஹிரண்மயி, "நான்தான் தச்சேன்" என்றாராம். ஆஸ்பத்திரியில் கண் சோதித்த பிறகு அதை யாரும் நம்பவில்லை. ஆனாலும் இன்னொரு முறை கேட்கிற தைரியம் ஒருவருக்கும் வரவில்லை.

வேறு ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். எடுத்ததையெல்லாம் மறுபடி எடுத்தார்கள். படம் அந்த டிசம்பரில் வந்தது. மெஹராஜ் இழுத்துக்கொண்டு போனாள். புது அம்மா நன்றாகவே அழுதார். கூடத்துக் காட்சியில் ஒரு முதுகு மட்டும் திரையில் நடந்து போயிற்று, அதைத் தாண்டித் தூணருகே அந்தப் பையனின் முகம் கண்ணீரோடு பெரிதாகிக்கொண்டே வந்தது. கொட்டகையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, இது யாரு முதுகு? இவ இவ்வளவு நிமிந்தா நடந்தா?" என்றாள் மெஹராஜ்.

"தீதீ."

"அப்போ இத மட்டும் ஏன் விட்டு வச்சானுவ?"

"அந்தப் பயலுக்குத் திரும்ப அழ வராது லாத்தா."

லூர்தம்மாள் புதுப் பெண்ணுக்கு நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகை வளைக்காமல் நின்றாள். லைட்காரர்களுக்கு முன்பே போய்விடுவாள். அவளைப் பற்றி ஸ்டூடியோவில் குறை சொன்னவர்கள் கிடையாது. அந்தப் பெண் புகழடைந்து வேறு ஸ்டூடியோக்களுக்கும் இவளைக் கூட்டிப்போனாள். ஆனால் ஜமக்காளம் விரித்த செட்டில் மட்டும் அவள் விளிம்பில் கால்வைக்காமல் சுற்றிக்கொண்டு போவாள். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நல்லது நினைத்துச் செய்தது பாவமாகாது, இதற்கு மன்னிப்பே தேவையில்லை என்றார் சாமியார். அவர் தேவையில்லை என்றது அவளுக்கு ஆறுதலாகவே இல்லை. சொல்ல வேண்டியவர் கல்கத்தாவில் எங்கேயோ இருந்தார். விலாசம் தெரிந்த ஒரே ஆள் பிரம்மநாயகம். அவரும் அடுத்த வருஷமே ஒரு கம்பெனியோடு கல்கத்தா போய், அங்கிருந்து மதராஸ் போய், அங்கேயே தங்கிவிட்டார். அவர் மாட்டுங்கா வீட்டில் வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள்.

மெஹராஜுக்கு எல்லாம் தெரியும். ஊசி கொடுத்தவள் அவள்தானே. "நீ முடிச்சுப் போட்டே, அவனுவ திருப்பிப் போட்டானுவ, அவ லீவுன்னு பொய் சொன்னா, நான் ஊசி குடுத்தேன். ஆளுக்குக் கொஞ்சம்னு பிரிச்சுக்கிடுவோம்டி" என்பாள். லூர்தம்மாள் பிரித்துக் கொடுக்கவில்லை. நாளாக ஆக அவள் பேச்சே குறைந்துபோயிற்று. ராத்திரியில் உருளைக்கிழங்கு வில்லைக்குக் கீழே எரிச்சல் தீர நேரம் பிடித்தது. காலையில் தூரத்து பஸ் நம்பர் தெரிய அவள் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

1968 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவள் மெஹராஜ் வீட்டு வாசலில் பிரம்மநாயகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். இளைத்து, பல் இரண்டு போய், அடையாளம் மாறியிருந்தார். மெஹராஜ் அவருக்கு டீ போட்டுக் கொடுத்திருந்தாள். மகளைப் பார்க்க ஆண்டாப் ஹில்லுக்கு வந்தவர், கேட்டுக் கேட்டு இந்தச் சந்துக்கு வந்திருக்கிறார்.

"தீதீ எப்படி இருக்காவ அண்ணாச்சி?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போய்ச் சேந்துட்டாவ தாயி. ரெண்டு வருசமாச்சு. உனக்கு யாரும் சொல்லலியா?"

மெஹராஜ் உள்ளேயிருந்து ஒரு மணையைக் கொண்டுவந்து லூர்தம்மாளுக்குப் பின்னால் வைத்தாள். அவள் உட்காரவில்லை.

"நான் கல்கத்தாவுல இருக்கும்போது ஒருக்கா போய்ப் பாத்தேன்" என்றார் பிரம்மநாயகம். "அறுவத்தஞ்சு கார்த்திகை இருக்கும். சுத்தமாக் கண்ணு தெரியல. ரேடியோ நாடகத்துக்குப் போயிட்டு இருந்தாவ. தங்கச்சி மவ வசனத்த வாசிச்சுக் காட்டுவா, இவ்வோ கேட்டே படிச்சுக்கிடுவாவ. ரேடியோவுக்கும் கஞ்சி போட்ட புடவைதான், பாத்துக்க. உன்னைய விசாரிச்சாவ. நீ ஸ்டேஷன்ல மன்னிப்புக் கேக்க வந்தது தெரியுமான்னு கேட்டேன், அவ்வளவும் தெரியும்னாவ. அன்னைக்கி உன்னையப் பேச விட்டா நீ அழுவே, தானும் அழுதுருவோம்னு பேசவிடலியாம். லூர்துகிட்ட இதச் சொல்லிருன்னு ஒண்ணு சொல்லி அனுப்புனாவ. நான் பாவி, மதராஸுக்கு ஓடிப்போய்ட்டேன். ஆள் மேல ஆளாக் கைமாத்திச் சொல்லி விடுத சங்கதியும் இல்ல. நேர்ல சொல்லுவோம்னு இருந்தே மூணு வருசம் ஓடிட்டு."

"என்ன சொன்னாவ?"

அந்த அம்மாள் சொன்னதைப் பிரம்மநாயகம் மாற்றாமல் இந்தியிலேயே சொன்னார், மெஹராஜுக்காகப் பிறகு ஒருமுறை தமிழில் சொன்னார்.

"ஜமக்காளம் திரும்பிக் கெடக்குன்னு மொத டேக்குலயே என் காலுக்குத் தெரிஞ்சுட்டுது. பெரிய முடிச்சு முதல்ல வந்தது. சொல்லியிருந்தா எல்லாம் வெளிய வந்திருக்கும், அதனால சொல்லல. அதுக்கப்புறம் அந்தப் பையன் போட்ட கூப்பாட்ட வச்சுத்தான் ஒவ்வொரு டேக்கும் நடந்தேன், சரியா நின்னேன். கடைசி டேக்குல பாதி வழியில அவன் கூப்பாடு நின்னுபோச்சு. நெசமாவே அழ ஆரம்பிச்சுட்டான்னு தெரிஞ்சுது. தூணு எங்கன்னு தெரியல. நான் நின்னா ஷாட்டு போயிடும், அவன் இன்னொரு தடவ அழமாட்டான். அதனால நடந்தேன். இத லூர்துகிட்ட சொல்லிரு."